நிலவுக்குப் போன கேமரா நம் லயத்துக்கு எதற்கு?



என் பழைய மாணவர் ஒருவர், இன்று தலைநகரில் நல்ல பணியில் இருப்பவர், அண்மையில் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் எஞ்சி நிற்கும் பழைய லயங்களையும், அங்கே இன்னும் குடியிருக்கும் முதியவர்களையும், தோட்டத்து மாரியம்மன் கோயில்களையும் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதுவும் கைப்பேசியில் அன்று. 120 எனப்படும் அகலமான படச்சுருளில், நடுத்தர அளவு நெகட்டிவில். "எந்தக் கேமரா வாங்கலாம் ஐயா?" என்று கேட்டவர், தமக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த அறிவுரைகளையும் தொகுத்துத் தந்திருந்தார்.

வாங்கினால் ஹாசல்பிளாட் வாங்கு, இல்லையேல் சும்மா இரு என்கிறார் ஒளிப்படக் கழகத்து நண்பர் ஒருவர். ஆறுக்கு ஏழு அளவில் வருவதுதான் நெகட்டிவ், ஆகவே மாமியா ஆர்பி67 அல்லது பென்டாக்ஸ் 67 என்கிறார் இன்னொருவர். ஹோல்கா போதும், அதில்தான் பழைய மணம் வீசும் என்கிறார் மூன்றாமவர். இம்மூவருக்கும் என் மறுப்பை இங்கே எழுதுகிறேன். (படக்கருவி என்று எழுத எனக்கும் ஆசைதான். கடைக்குப் போய் அப்படிக் கேட்டால் வேறு எதையாவது எடுத்துக் காட்டுவார்கள். ஆகவே கேமரா என்றே எழுதிச் செல்கிறேன்.)

மூவரும் கேமராவைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். படத்தில் இடம்பெறப் போகிறவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறாய், கழுவிய நெகட்டிவ் எங்கே இருக்கும், அச்சிட்ட படம் யார் கையில் போய்ச் சேரும் என்ற கேள்விகளில் ஒன்றையும் எவரும் கேட்கவில்லை. கேமராவைத் தேர்ந்தெடுக்கும் வேலை இந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் 120 சுருளைப் பற்றிச் சிறிது. 120 என்பது அளவைக் குறிக்கும் எண் அன்று. 1901ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் தன் பிரவுனி வகைக் கேமரா ஒன்றுக்காக வெளியிட்ட சுருளின் பெயராக நிலைத்துவிட்ட எண். ஏறத்தாழ ஆறு செண்டிமீட்டர் அகலம், முதுகில் ஒரு தாள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே சுருள் இன்றும் தயாராகிறது. சாதாரண 35 மி.மீ. சுருளில் ஒரு படத்தின் பரப்பு 24க்கு 36, அதாவது 864 சதுர மில்லிமீட்டர். 120 சுருளின் சதுரப் படமோ 56க்கு 56, அதாவது 3136. மூன்றரை மடங்குக்கும் மேல். ஒரு பாட்டியின் கையிலுள்ள பால்வெட்டுக் கத்தியின் தழும்பு அந்தப் பரப்பில்தான் தழும்பாகத் தெரியும். உங்கள் வீட்டுப் பெட்டியில் 1960களில் எடுத்த திருமணப் படம் ஏதேனும் சதுரமாக இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பட்டணத்து ஸ்டூடியோக்காரர் இந்தச் சுருளில்தான் அதை எடுத்திருப்பார். எனவே நம் மக்களுக்கு இது அயல் சரக்கு அன்று. நம் தாத்தா பாட்டிகள் முதன்முதலாகத் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்ட சரக்கு.

கைப்பேசி இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். சென்ற பத்தாண்டில் நீங்கள் மாற்றிய கைப்பேசிகளில் இருந்த படங்கள் இன்று எங்கே? தேடி எடுத்துக் காட்ட முடிந்தவர்கள் தாராளமாகக் கைப்பேசியிலேயே எடுக்கட்டும். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை.

இனி ஹாசல்பிளாட்டுக்கு வருவோம். அது மட்டமான கேமரா என்று நான் சொன்னால் என் கண்ணைத்தான் குறை சொல்ல வேண்டும். 1957இல் வந்த 500சி முதல் 2013இல் உற்பத்தி நின்ற 503சிடபிள்யூ வரை, அந்தச் சுவீடன் நாட்டுப் பெட்டியும் அதற்கு வாய்த்த செய்ஸ் லென்சும் ஒளிப்படக் கலையில் முதல் வரிசையில் நிற்பவை. மின்கலம் இல்லாமலே இயங்கும். 1969இல் நிலவுக்கே போய் வந்தது என்பார்கள். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. போனது உண்மை, வந்தது உண்மையன்று. அப்போலோ 11இல் சென்றவர்கள் நிலவின் தரையில் பயன்படுத்திய ஹாசல்பிளாட்டை அங்கேயே விட்டுவிட்டுப் படச்சுருள் இருந்த பெட்டியை மட்டுமே கழற்றி எடுத்து வந்தார்கள். எடை மிச்சம் பிடிக்க வேண்டிய நேரத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டெறிவது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கேமராவை விற்கிறவர்களுக்குத்தான் அது இல்லை.

நம் ஆசிரியர் சம்பளத்திலும் இளைஞர்களின் சேமிப்பிலும் ஒரு ஹாசல்பிளாட்டை வாங்கினால் என்ன ஆகும்? பழைய சந்தையில் அதன் விலை ஒரு யாஷிகா இரட்டைக்கண் கேமராவின் விலையைப் போல் பல மடங்கு. அந்த வெள்ளி முழுவதும் பெட்டிக்கே போய்விட்ட பிறகு, சுருளுக்கு இராது. அச்சிடும் தாளுக்கு இராது. தோட்டத்துக்கு நாலு முறை போய்வர எண்ணெய்க்கும் இராது. மேலும், விலை உயர்ந்த பொருள் தன் உடையவனை அடிமையாக்கும். மழை வந்தால் பைக்குள் போகும். லோரி கிளப்பும் செம்மண் தூசிக்குப் பயந்து பைக்குள் போகும். லயத்துப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஓடி வந்தால் அதற்கும் பைக்குள் போகும். பைக்குள் இருக்கும் கேமராவும் நிலவில் கிடக்கும் கேமராவும் நமக்கு ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு. ஹாசல்பிளாட்டின் உடலும் லென்சும் இரண்டுமே முடுக்கிய நிலையில் இருக்கும்போதுதான் கழற்றி மாட்ட வேண்டும். முறை தவறினால் இறுகிப் பூட்டிக்கொள்ளும். நிலவுக்குப் போனவர்களுக்குப் பின்னால் ஒரு பெரும் நிறுவனமே இருந்தது. தஞ்சோங் காராங் சாலையோரத்தில் பூட்டிக்கொண்டால் நம் தம்பிக்குப் பின்னால் யார் இருக்கிறார்?

ஆறுக்கு ஏழு கட்சிக்காரரிடம் அதிகம் பேச வேண்டியதில்லை. ஆர்பி67 இரண்டரைக் கிலோவைத் தாண்டும் ஸ்டூடியோ யந்திரம். முக்காலியில் வைத்து மணமக்களை எடுக்கப் பிறந்தது. பென்டாக்ஸ் 67 கையில் பிடிக்கலாம் என்பார்கள். பிடிக்கலாம்தான். ஆனால் அதன் கண்ணாடி மேலெழும்போது விழும் அடி கேமரா முழுவதையும் உலுக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் அதைக் கையில் பிடித்து எடுத்தால் அந்த அதிர்வு நெகட்டிவில் பதியும். மின்வெட்டொளி விளக்கை அதில் நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு மேற்பட்ட விரைவில் சேர்த்து இயக்கவும் முடியாது. சுருளுக்குப் பத்துப் படம். விலையையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால், நெகட்டிவில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு செண்டிமீட்டர் நமக்குக் கட்டுப்படியாகாது.

மூன்றாமவர்மீதுதான் எனக்கு உண்மையான கோபம். ஹோல்கா 1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் செய்யப்பட்ட பிளாஸ்டிக் பெட்டி. சீனத்து உழைக்கும் குடும்பங்கள் மலிவாகப் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்ற நல்ல நோக்கத்தில் பிறந்தது. அதைக் குறை சொல்லவில்லை. வசதி இல்லாதவன் கிடைத்த கருவியால் தன் குடும்பத்தைப் படம் எடுப்பது ஒன்று. வசதி உள்ளவன் வேண்டுமென்றே மங்கலான கருவியைத் தேர்ந்துகொண்டு ஏழையின் வீட்டைப் படம் எடுப்பது வேறொன்று. ஓரங்கள் இருண்டு, முகம் கலங்கி, வெளிச்சம் கசிந்து, "எவ்வளவு பழமையாக இருக்கிறது!" என்று கண்காட்சியில் வியப்பார்கள். லயத்துச் சுவரில் என்ன எழுதியிருந்தது, கதவில் எந்த எண் இருந்தது, அந்த அம்மாள் கழுத்தில் தாலிக்கயிறா சங்கிலியா என்று பின்னாளில் பேரப்பிள்ளை தேடும்போது ஒன்றும் தெரியாது. இவர்கள் வாழ்க்கை ஏற்கெனவே பிறர் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிந்து வந்திருக்கிறது. அதற்குக் காசு கொடுத்து வேறு ஒரு லென்சை வாங்க வேண்டுமா?

அப்படியானால் எதை வாங்குவது? இரட்டைக்கண் கேமராவைத்தான் நான் சொல்வேன். மேலே ஒரு லென்ஸ் பார்ப்பதற்கு, கீழே ஒன்று படம் எடுப்பதற்கு. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929இல் ரோலைபிளெக்ஸ் வெளிவந்தபின் உலகம் முழுவதும் பரவிய அமைப்பு இது. இந்தியாவின் முதல் பெண் செய்திப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா விடுதலைக் காலத்து இந்தியாவைப் பதிவு செய்த கருவிகளுள் ரோலைபிளெக்சும் ஒன்று. ரோலை பெயருக்கே தனி விலை என்பதால் அதையும் நான் வற்புறுத்தவில்லை. அதன் எளிய தம்பியான ரோலைகார்ட், அல்லது ஜப்பானின் யாஷிகா மேட் வகைகளில் ஒன்று போதும். யாஷிகா மேட் 124ஜி 1970 முதல் 1986 வரை உற்பத்தியானது. ஏறத்தாழ ஒரு கிலோ சொச்சம் எடை, 80 மி.மீ. லென்ஸ், சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள்.

இதைத் தேர்வதற்கு முதல் காரணம் தொழில்நுட்பம் அன்று. இந்தக் கேமராவைக் கண்ணருகே தூக்கிப் பிடிப்பதில்லை. வயிற்றருகே வைத்து, தலையைக் குனிந்து, மேலே திறந்திருக்கும் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். எதிரே அமர்ந்திருக்கும் பெரியவருக்கு, ஒரு யந்திரம் முகத்துக்கு நேரே நீட்டப்படுவதில்லை. தலை தாழ்த்தி நிற்கும் ஒரு பிள்ளைதான் தெரிகிறான். நிமிர்ந்தால் முகம் பார்த்துப் பேசலாம். ஷட்டர் மெல்ல 'டிக்' என்று மட்டும் ஒலிக்கும். எடுத்தது கூடத் தெரியாது. துரைமாரின் மேசைக்கு முன்னால் நின்று பழகிய தலைமுறை அது. 1948இல் நெருக்கடிநிலை தொடங்கியபோது அடையாள அட்டைக்காகப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் படத்தோடு பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. எத்தனையோ தோட்டத் தொழிலாளர்களுக்கு அதுவே வாழ்நாளின் முதல் ஒளிப்படமாக இருந்திருக்கும். கட்டளைக்காக எடுத்த படம் அது. இன்று நாம் எடுக்கப்போவது அப்படித் தோன்றலாகாது.

பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்குள் தெரியும் உருவம் இடவலம் மாறியிருக்கும். வலப்பக்கம் நடப்பவன் இடப்பக்கம் போவான். லயத்துச் சிறுவர்களை ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொல்லிப் பாருங்கள். அறிவியல் பாடத்தில் ஒரு மணி நேரம் சொல்லியும் ஏறாத ஒளித்தெறிப்பு ஒரே நிமிடத்தில் ஏறிவிடும்.

இரண்டாவது காரணம் வெளிச்சம். பால்மரக் காடு அழிந்து செம்பனை வந்தபின் தோட்டத்து நிழலின் தன்மையே மாறிவிட்டது. கித்தா மரத்தின் இலை வழியே வெளிச்சம் சலித்து இறங்கும். வளர்ந்த செம்பனையின் மட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கூரை போட்டுவிடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐஎஸ்ஓ 400 சுருளுக்கு வெட்டவெளி வெயிலில் எஃப் 16, நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. அடர்ந்த செம்பனைக்குள் அதைவிட ஆறு படி வரை வெளிச்சம் குறையலாம். அப்போது எஃப் 5.6, அறுபதில் ஒரு பங்கு என்று வந்து நிற்கிறோம். அறுபதில் ஒரு பங்கில் கையால் பிடித்து எடுத்தாலும் இரட்டைக்கண் கேமராவில் படம் ஆடாது. அதனுள் மேலெழும் கண்ணாடி இல்லை. ஷட்டர் லென்சுக்குள்ளேயே இலைபோல் விரிந்து மூடுகிறது. மேலும் கழுத்து வாரை இறுக்கி இழுத்து வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் உடலே முக்காலியாகிவிடும். அதே இலை ஷட்டரின் இன்னொரு நன்மை, மின்வெட்டொளி விளக்கை எந்த விரைவிலும் சேர்த்து இயக்கலாம் என்பது. நம் ஊரில் நண்பகல் வெயில் உச்சந்தலையில் இறங்கி, கண் இரண்டையும் குழியாக்கிவிடும். கோயில் வாசலில் திருவிழாக் கூட்டத்தை எடுக்க நேர்ந்தால் சிறு விளக்கு ஒன்று அந்தக் குழிகளை நிரப்பும். வாய்ப்பிருந்தால் நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். காலை எட்டு மணிக்கு லயத்துத் தாழ்வாரத்தில், எதிரேயுள்ள மணல் முற்றத்திலிருந்து தெறித்து வரும் வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது.

மூன்றாவது, மின்கலம். 124ஜியில் ஓர் ஒளிமானி உண்டு. அது பாதரச மின்கலத்தை நம்பிச் செய்யப்பட்டது. அவ்வகை மின்கலங்கள் சுற்றுச்சூழல் தடைகளால் 1990களில் சந்தையிலிருந்து மறைந்துவிட்டன. ஒளிமானி செத்துப் போனாலும் கேமரா சாகாது. படம் எடுக்க அதற்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே "ஒளிமானி வேலை செய்கிறது" என்பதற்காக விற்பவர் கூட்டிச் சொல்லும் விலையைக் கொடுக்காதீர்கள். ஒளிமானியே இல்லாத பழைய யாஷிகா இன்னும் மலிவு. படம் அதே படம். வெளிச்சத்தைக் கைப்பேசியில் உள்ள செயலியாலே அளந்துகொள்ளலாம். கைப்பேசிக்கு இந்த வேலை பொருத்தமானது.

ஆனால் எதை அளப்பது என்பதில் கவனம் வேண்டும், ஏனெனில் இங்கே நம் நிறம் குறுக்கே வருகிறது. வெள்ளை வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு கரிய முகத்தை எடுத்தால், மானி வானத்தைப் பார்த்து ஏமாந்து முகத்தைக் கரியாக்கிவிடும். இது மானியின் குற்றம் மட்டும் அன்று. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிற அளவு அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. பழுப்பு நிறங்கள் சரியாகப் பதிவதில்லை என்று முறையிட்டவர்களில் சாக்லேட் நிறுவனங்களும் மரத்தளவாடம் விற்பவர்களும் இருந்தார்கள். வண்ணச் சுருள் திருந்தியதற்கு அந்த முறையீடுகளும் ஒரு காரணம் என்று அங்கே பணியாற்றியவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். கோடிக்கணக்கான மனிதர்களின் முகத்துக்குக் கிடைக்காத கவனம் ஒரு சாக்லேட் துண்டுக்குக் கிடைத்தது! நம் ஸ்டூடியோக்காரர்களும் முகத்துக்கு மாவு அப்பியும், நெகட்டிவைப் பென்சிலால் தீட்டியும் நம்மை வெளுக்கவைத்தார்கள். அந்த வழக்கத்தை இனித் தொடர வேண்டியதில்லை. அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு படி கூட்டி வெளிச்சம் கொடுங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் மிகுதியைத் தாங்கும், குறைவைத் தாங்காது. நிழலில் பதியாதது எந்த வித்தையாலும் பின்னர் வராது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? நம் வட்டாரத்தின் ஈரப்பதத்துக்கு முதற்பகை பூஞ்சணம். லென்சின் பின்புறமிருந்து கைவிளக்கடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், அது கண்ணாடியையே அரித்திருக்கும். ஷட்டரை ஒரு நொடியில் வைத்து இயக்கிக் காதால் கேளுங்கள். இழுத்து இழுத்து நின்றால் உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது என்று பொருள். பின்கதவின் பஞ்சு பொடிந்திருக்கும். அது சிறு செலவு. முக்கியமாக, எந்தச் சுருள் போடும் கேமரா என்று கேளுங்கள். யாஷிகா 44 என்ற அழகான சிறு கேமரா 127 சுருள் கேட்கும். பழைய கோடாக் பெட்டிகள் பல 620 கேட்கும். அதன் உருளை வேறு. மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்கள் ஏராளம். முகத்துக்கு மிக நெருங்கி எடுக்க விரும்புபவர்கள் மட்டும் மாமியா சி330ஐப் பார்க்கலாம். யாஷிகா ஒரு மீட்டருக்குள் வராது. ஆனால் மாமியாவைத் தூக்க நல்ல தோள் வேண்டும். வாங்கியபின் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். தோல்பைக்குள் வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பது.

சுருளைப் பற்றி, கறுப்பு வெள்ளை என்பேன். நிறத்தை வெறுத்து அன்று. வீட்டிலேயே கழுவிக்கொள்ள முடியும் என்பதற்காக. இல்போர்ட் எச்பி5 பிளஸ் அல்லது 1954 முதல் வந்துகொண்டிருக்கும் கோடாக் டிரை-எக்ஸ், இரண்டில் ஒன்று. கோடாக் 2012இல் திவாலாகி மீண்டது. புஜி தன் ஆக்ரோஸ் சுருளை 2018இல் நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டே வேறு பதிப்பாகக் கொண்டு வந்தது. ஆகவே "சுருள் இனிக் கிடைக்காது" என்று ஆண்டுதோறும் பயமுறுத்துபவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். கழுவுவதில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைக்காரன் அச்சிட்ட அட்டவணை 20 பாகை நீரை வைத்துக் கணக்கிட்டது. நம் குழாயில் வருவது 27, 28 பாகை. டி-76 கலவையில் எச்பி5க்கு 20 பாகையில் ஏழரை நிமிடம். நம் குழாய் நீரிலோ நான்கு நிமிடத்துக்கும் கீழே போய்விடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் படம் திட்டுத் திட்டாக வரும். பனிக்கட்டி வைத்து 24 பாகைக்கு இறக்குங்கள், கலவையை ஒன்றுக்கு ஒன்று நீர் சேர்த்து இளக்குங்கள், நேரம் வசதியாக நீளும். எடுத்து முடித்த சுருளை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட வேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் முதுகுத் தாளின் எண்கள் படத்தின்மேல் பதிந்துவிடும். பெரியவரின் நெற்றியில் '7' என்று நிற்கும்.

கோல சிலாங்கூர் என்றதும் பெருங்கேமராக்களோடு வந்து இறங்குபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வார இறுதியில் புக்கிட் மெலாவத்தியில் 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தையும் வெள்ளிநிறக் குரங்குகளையும் எடுக்கிறார்கள். செக்கிஞ்சானில் வயலை எடுக்கிறார்கள். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்மினிகளைத் தேடிப் படகேறுகிறார்கள். படகோ துடுப்புப் படகு; ஆடிக்கொண்டே இருக்கும். மின்மினிக்கு விளக்கொளி ஆகாது. படச்சுருளோ நேரம் நீள நீள உணர்திறன் குன்றுவது. இத்தனை இடர்ப்பாட்டோடும் பெரெம்பாங் மரத்துப் பூச்சியைப் பதிவு செய்யத் துடிப்பவர், அங்கே போகும் வழியில் புக்கிட் ரோத்தானிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் எத்தனை லயங்களைக் கடந்து போனார்? (2007இல் அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். தோட்டத்து நாக்குக்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) பூச்சி அழகுதான். அதன் படங்கள் போதிய அளவு இருக்கின்றன. இருபது ஆண்டு பால்வெட்டி, அடுத்த இருபது ஆண்டு செம்பனைப் பழம் பொறுக்கிய ஓர் அம்மாளின் நல்ல நெகட்டிவ் இந்த வட்டாரத்தில் எத்தனை இருக்கிறது?

அதே பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம்தான் தென்னமரம் தோட்டம். பெயரைப் பாருங்கள், நம் தென்னைமரம்தான். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான் தொடங்கியது. தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி போகோனியேயை உலகம் அறியும். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றது. அந்த முதல் கன்றுகளுக்குக் குழி வெட்டியவர்களின் பெயர்களை யார் அறிவார்? குடியேற்றக் காலத்து அஞ்சலட்டைகளில் நம்மவர் படம் இருக்கும். கீழே இனத்தின் பெயரும் தொழிலின் பெயரும் இருக்கும். ஆளின் பெயர் இராது. ஆகவே பெயர் எழுதாத நெகட்டிவை, அது எத்தனை பெரிதாக இருந்தாலும், நான் அந்த அஞ்சலட்டை வரிசையில்தான் வைப்பேன். பன்னிரண்டு படங்களுக்கும் பன்னிரண்டு வரி ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்: பெயர், தந்தை பெயர், தோட்டம், எந்தத் தீம்பார், என்ன வேலை செய்தார், எந்த நாள். சுருளுக்குப் பன்னிரண்டே என்பது இங்கே வசதியாகிவிடுகிறது. ஆயிரம் படம் எடுத்தவன் ஆயிரம் பெயர் எழுத மாட்டான்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறுபட்டணத்து ஸ்டூடியோ மூடப்பட்டபோது, முப்பது ஆண்டு நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாகக் குப்பை லோரியில் ஏறின. தமிழ்நாட்டில் இந்த நிலை வரக்கூடாது என்று புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணப் பாதுகாப்புத் திட்டத்தின் துணையோடு, பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று படங்களை மின்வடிவில் சேமித்தது. அவ்வாறு சேமிக்க அவர்களுக்குக் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் எஞ்சியிருந்தது. நெகட்டிவும் அழியக்கூடியதே, அதன் அசிட்டேட் அடித்தளம் நம் ஊர் வெப்பத்தில் நாளடைவில் வினிகர் வாடை வீசிச் சுருங்கும். உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வைத்து, மின்வடிவில் ஒரு நகலும் எடுத்து, அச்சுப் படம் ஒன்றை உரியவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டால், மூன்றில் ஒன்றாவது தப்பும்.

இப்போது தம்பியின் கணக்கைப் பார்ப்போம். ஹாசல்பிளாட்டுக்கென்று அவர் ஒதுக்கிய தொகையில் ஒரு யாஷிகா, அதைத் துடைத்து எண்ணெய் மாற்றும் கூலி, இருபது சுருள், கழுவும் தொட்டி, மருந்து, அச்சுக்கூலி எல்லாம் அடங்கி மிச்சமும் இருக்கும். இருபது சுருள் என்றால் 240 படம். முப்பது குடும்பம் உள்ள ஒரு தோட்டத்தில் குடும்பத்துக்கு எட்டு: வாசலில் எல்லாருமாக ஒன்று, மூத்தவர் தனியாக இரண்டு, கைகள், அடுப்படி, சாமிப் படம் மாட்டிய சுவர், பிள்ளைகள், கடைசியாக அவர்களே கேட்கும் ஒன்று. அந்தக் கடைசிப் படத்துக்கு அவர்கள் புதுச்சேலை உடுத்திக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். "இயல்பாக இருங்கள்" என்று சொல்லித் தொலைக்க வேண்டாம். அவர்கள் நிற்க விரும்பும் விதம் அதுதான்.

தீபாவளி விடுமுறைக்கு முன்பே வரச் சொல்லியிருக்கிறேன். விடுமுறையில் பட்டணத்துப் பிள்ளைகளும் லயத்துக்கு வந்திருப்பார்கள். முதல் சுற்றில் எடுத்த படங்களை அப்போது கையோடு கொடுத்துவிடலாம். டி-76 பொடியும் பனிக்கட்டியும் என் வீட்டில் இருக்கும். குறிப்பேடு மட்டும் அவர் கொண்டுவரட்டும்.